கூரை இல்லாத தேவாலயத்தைப் பார்க்க அவ்வளவு தூரமா?

வாசகர் கேள்வி – பதில்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அபர்தீனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, ஜூன் மாதம் நானும் என் மனைவியும் மகள், மாப்பிள்ளையோடு அங்கே போய்வந்த கதை. வந்த கடிதங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றி, மீதி செலவைப் பற்றி. அதற்குள்ளும் சில நல்ல கேள்விகள் ஒளிந்திருந்தன. புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எகில்சே தீவில் கூரைகூட இல்லாத ஒரு பழைய சர்ச்சுக்காக முழு நாளைச் செலவழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆர்க்னியில் கூரையோடு ஒரு பெரிய கதீட்ரலே இருக்கிறதாமே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

இருக்கிறது. கர்க்வால் நகரின் நடுவே செயின்ட் மேக்னஸ் கதீட்ரல். 1137இல் தொடங்கியது, செம்மணற்கல். அவசியம் போங்கள். ஆனால் அந்தக் கதீட்ரல் எழும்பக் காரணமான கொலை நடந்தது எகில்சேயில். அந்த மண்ணை மிதிக்காமல் திரும்பி வர எனக்கு மனம் வரவில்லை.

டிங்வால் என்ற சிறிய துறையிலிருந்து படகு. கார்களும் ஏறும், ஆனால் ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு நான் இறங்கி நடந்தே ஏறிக்கொண்டேன். எகில்சே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள தட்டைத் தீவு. மறைக்க மரம் இல்லை. அதனால் படகில் வரும்போதே வட்டக் கோபுரம் கண்ணில் பட்டுவிடுகிறது.

பக்கத்தில் போனால் தேவாலயம் சின்னது. மக்கள் நிற்கும் கூடம் உள்ளளவில் சுமார் 9 மீட்டர் நீளம், 5 மீட்டருக்கும் குறைந்த அகலம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடத்தில் இதைப்போல நாலு அடங்கும். கிழக்கே பலிபீடப் பகுதி. அதற்குக் கல்லால் வளைவு போட்டு, வளைவுக்கு மேலே ஓர் அறையும் வைத்திருந்தார்கள். மேற்கே கோபுரம், இப்போது ஏறக்குறைய 15 மீட்டர். ஒரு காலத்தில் இன்னும் உயரமாக இருந்தது. அயர்லாந்தில் வட்டக் கோபுரங்கள் நிறைய உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் தேவாலயத்தை விட்டுத் தள்ளித் தனியாக நிற்கும். இங்கே கோபுரம் சுவரோடு சுவராகச் சேர்ந்திருக்கிறது. வட்டச் சுவரும் நேர்ச் சுவரும் சந்திக்கிற மூலை எந்தக் கொத்தனாருக்கும் சோதனை. தண்ணீர் இறங்குவதும் அங்கேதான், விரிசல் விடுவதும் அங்கேதான். 12ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த மூலையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவன் நான். ஒன்றும் அகப்படவில்லை.

இனி கொலை. அந்தக் காலத்தில் ஆர்க்னி நார்வே அரசருக்கு உட்பட்ட சிற்றரசு. மேக்னஸ், ஹாக்கன் என்ற பங்காளிகள் இருவர் சேர்ந்து ஆண்டார்கள். மேக்னஸ் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். 1098இல் வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணையில் நடந்த கடற்போரில், "எனக்கு இங்கே யாரோடும் பகை இல்லை" என்று ஆயுதம் எடுக்க மறுத்து, கப்பலில் உட்கார்ந்து பைபிளின் சங்கீதப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தாராம். பங்காளிகளுக்குள் தகராறு முற்றி, 1117 வாக்கில் ஈஸ்டரை ஒட்டி எகில்சேயில் சமாதானம் பேசுவதென்று முடிவானது. ஆளுக்கு இரண்டு கப்பல் மட்டும் என்று ஒப்பந்தம். ஹாக்கன் வந்தது எட்டுக் கப்பலோடு.

மேக்னஸ் தப்பி ஓடவில்லை. மூன்று வழி சொன்னார். என்னை எருசலேமுக்கு யாத்திரை அனுப்பிவிடு, இல்லையென்றால் ஸ்காட்லாந்தில் சிறை வை, அதுவும் வேண்டாமென்றால் கண்ணைக் குத்தி இருட்டறையில் அடைத்துவிடு. மூன்றாவதற்கு ஹாக்கன் சரி என்றார். கூட இருந்த தலைவர்கள்தான் ஒப்பவில்லை; உங்களில் ஒருவர் இன்றோடு போயாக வேண்டும் என்றார்கள். கொடி பிடிக்கும் வீரன் வெட்ட மறுத்துவிட்டான். கடைசியில் லிஃபோல்ஃப் என்ற சமையல்காரனிடம் கோடரியைக் கொடுத்தார்கள். அவன் அழுதான். மேக்னஸ்தான் அவனைத் தேற்றி, "திருடனை வெட்டுவதுபோலக் கழுத்தில் வெட்டாதே, எதிரே நின்று தலையில் வெட்டு" என்றாராம். இதெல்லாம் ஐஸ்லாந்தில் 1200 வாக்கில் எழுதிவைத்த ஆர்க்னி சாகா என்ற பழைய வீரகதை நூலில் உள்ள கதை. மேக்னஸைப் பிறகு புனிதராகக் கொண்டாடி எழுப்பியதுதான் கர்க்வால் கதீட்ரல். கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் 1919இல் கர்க்வால் கதீட்ரலில் பழுது பார்க்கும்போது ஒரு தூணுக்குள்ளிருந்து மரப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே எலும்புகள். மண்டையோட்டில் வெட்டு.

இன்றுள்ள தேவாலயம் மேக்னஸ் ஜெபித்த அதே கட்டடம் அல்ல. அந்த இடத்திலோ பக்கத்திலோ பிறகு எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதில் வழிபாடு நடந்தது. அதாவது எழுநூறு வருஷத்துக்கு ஓட்டை ஒழுகலை யாரோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கூரை போனது. கட்டடத்துக்கு உயிர் கூரையில்தான். கூரை போன அன்றே சுவரின் தலையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிடும், சாந்து கரையும், அப்புறம் கல் ஒவ்வொன்றாகக் கழலும். எகில்சேயில் அரசு தொல்லியல் துறையார் அதைத் தடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பங்காளியைக் கொன்ற ஹாக்கனுக்கு என்ன தண்டனை கிடைத்தது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

ஒன்றும் இல்லை. தனியாக ஆண்டார், நல்ல சட்டங்கள் போட்டார், மக்களுக்கு அவரைப் பிடித்துப்போனது என்று சாகாவே சொல்கிறது. நடுவில் ரோமுக்கும் எருசலேமுக்கும் யாத்திரை போய் யோர்தான் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்.

அந்த யாத்திரையின் அடையாளம் என்று சொல்லும்படி ஒரு கட்டடம் ஆர்ஃபிர் என்ற கடலோர ஊரில் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். எருசலேமில் உள்ள திருக்கல்லறைக் கோயிலை மனத்தில் வைத்துக் கட்டிய வட்ட வடிவ தேவாலயம். கட்டியது ஹாக்கன்தான் என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்காட்லாந்தில் இடைக்காலத்து வட்டத் தேவாலயமாக மிஞ்சியிருப்பது இது ஒன்றே. மிஞ்சியது என்றால், கிழக்கே அரைவட்டமாக வளைந்த பலிபீட முனை, அதில் ஒரு சின்ன ஜன்னல், ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சுவர். அவ்வளவுதான். 1757இல் பக்கத்திலேயே புதிய தேவாலயம் கட்டக் கல் தேவைப்பட்டது. இதை இடித்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புதியதும் இப்போது இல்லை! பழைய கட்டடத்தை இடித்தால் கல் மிச்சம் என்று எனக்கு ஃபைல் எழுதிக் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் சிற்றரசர்களின் விருந்து மாளிகையின் அடித்தளமும் உண்டு. அரை மணி நேரம் போதும்.

நார்வேக் கடலோடிகளான வைக்கிங்குகளின் தீவு ஸ்காட்லாந்துக்கு எப்படிப் போனது? போரா?
– ஒரு மாணவர், நாமக்கல்

வரதட்சணை. டென்மார்க்–நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது பேசிய தொகை 60,000 ஃப்ளோரின். கையில் பணம் இல்லை. 1468இல் ஆர்க்னியை 50,000க்கு ஈடு வைத்தார். மிச்சம் 10,000த்தில் 2,000தான் புரட்ட முடிந்தது. அடுத்த வருஷம் ஷெட்லாந்துத் தீவுகளும் 8,000க்கு அடகுக்குப் போயின. மீட்கவே இல்லை. 1472இல் ஸ்காட்லாந்து இரண்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

ரவுசே தீவில் சிமெண்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டி 5,000 வருஷமாக நிற்கும் கல்லறை இருக்கிறது என்றீர்கள். ஒரு இன்ஜினியராக இதை நம்புகிறீர்களா?
– ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், கரூர்

கண்ணால் பார்த்தேன் ஐயா. எகில்சேக்குப் போகும் அதே படகு ரவுசேக்கும் போகிறது. அந்தத் தீவின் மேற்குக் கரையில் மிட்ஹவ் என்ற இடம். சாலையிலிருந்து கடற்கரை வரை வயல் நடுவே சரிவான இறக்கம். இறங்கும்போது சுகம், ஏறும்போதுதான் தெரியும்.

ரகசியம் கல்லில் இருக்கிறது. ஆர்க்னியின் மணற்கல் ஏடு ஏடாகப் பிரியும். கடற்கரைப் பாறையில் ஆப்பு வைத்து நெம்பினால் மேலும் கீழும் மட்டமான பலகை கையில் வந்துவிடும். செதுக்கவே வேண்டியதில்லை. நம் கருங்கல்லில் ஒரு முகம் மட்டம் பார்க்க எவ்வளவு உளி மழுங்கும் என்று உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்ட கல் கிடைத்தால், மேல் கல் கீழே உள்ள இரண்டு கல்லின் இணைப்பில் உட்காரும்படி அடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். எடையே பிடிமானம். இன்னொன்று, மரம் இல்லாத ஊர். கல்லை விட்டால் வேறு கதியும் இல்லை.

கல்லறையின் உள்ளே 23 மீட்டர் நீளத்துக்கு ஒரே நடை. இருபுறமும் நிறுத்திவைத்த பலகைக் கற்கள் அதை 12 தடுப்புகளாகப் பிரிக்கின்றன. சில தடுப்புகளில் கல் திட்டு. 1932–33இல் தோண்டியபோது குறைந்தது 25 பேரின் எலும்புகள் கிடைத்தன. வெளிச்சுவரில் கற்களைச் சாய்த்து அடுக்கி வரிசை வரிசையாக அலங்காரம் செய்திருக்கிறார்கள். இறந்தவர்களுக்கான கட்டடத்தில், அதுவும் மண்ணும் கல்லும் மூடப்போகிற சுவரில், எதற்காக இந்த மெனக்கெடல்? நான் அங்கே அதிக நேரம் நின்றது அந்த வரிசைக்கு முன்னால்தான்.

தோண்டிய கையோடு அதன் மேல் பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டி மூடிவிட்டார்கள். உள்ளே தலைக்கு மேலே நடைபாலம் இருக்கிறது. மேலிருந்து கல்லறை முழுவதையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அழகு போய்விட்டது என்று என் மனைவி சொன்னாள். அழகு போகட்டும், கூரை வேண்டும் என்பது என் கட்சி.

வெளியே வந்தால் கூப்பிடு தூரத்தில், கடலை ஒட்டி, மிட்ஹவ் ப்ராக். இரும்புக் கால வட்டக் கோட்டை வீடு. கல்லறைக்கு 3,000 வருஷம் பிற்பட்டது. சுவர் இன்றும் 4 மீட்டருக்கு மேல் நிற்கிறது. உள்ளே அடுப்பு, கல் அலமாரி, தடுப்புச் சுவர், தரையில் ஊற்றுத் தண்ணீர் சேரும் தொட்டி. ரோமானியரின் வெண்கலப் பாத்திரத் துண்டு ஒன்றும் இங்கே கிடைத்தது. ரோமப் படை ஆர்க்னியில் ஆளவில்லை. யாரோ வாங்கி வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பறித்து வந்திருக்க வேண்டும்.

நீங்கள் போட்டிருந்த படத்தில் ரவுசேயில் நிறைய இடிந்த வீடுகள் தெரிகின்றனவே. அவையும் வைக்கிங் காலமா?
– ஒரு வாசகி, மதுரை

இல்லை அம்மா. அவை நேற்றைய வீடுகள். இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. மிட்ஹவுக்கு வடக்கே குவாண்டேல் என்ற பகுதி. அங்கே இருந்த குடியானவர்களை 1840களில் நில உடைமையாளர் காலி செய்தார். ஆடு வளர்க்க நிலம் வேண்டும். அவர் பெயர் ஜார்ஜ் வில்லியம் டிரெயில். கேள்விப்பட்ட பெயராக இருக்கிறதா? இமயமலையில் பிண்டாரிப் பனியாற்றுக்கு மேலே டிரெயில் கணவாய் என்று ஒன்று உண்டு. அதே டிரெயில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியில் ஏறக்குறைய இருபது வருஷம் குமாவோன் கமிஷனராக இருந்து, ஓய்வு பெற்றுப் போய் ரவுசேயில் நிலம் வாங்கினார்.

அவருக்குப் பின் வாரிசாக வந்த ஜெனரல் பரோஸும் இந்தியாவில் இருந்தவர். 1857இல் லக்னோவில் சண்டை போட்டவர். ஆள் குள்ளம், 'குட்டி ஜெனரல்' என்று பெயர். 1883இல் குடியானவர்களின் குறை கேட்க அரசு விசாரணைக் குழு வந்தபோது ரவுசேக்காரர்கள் போய் வாடகைக் கொடுமையைச் சொன்னார்கள். சாட்சி சொன்னவர்களை வெளியேற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும்படி குழு கேட்டது. ஜெனரல் மறுத்தார். சொன்னபடியே வெளியேற்றவும் செய்தார். 1886இல் சட்டம் வந்த பிறகுதான் குடியானவனுக்கு நிலத்தில் கால் ஊன்ற முடிந்தது.

கல்லறைக்கும் ப்ராக்குக்கும் விளக்கப் பலகை இருக்கிறது. கூட்டம் அங்கேதான் நிற்கிறது. புல்லுக்குள் புதைந்து கிடக்கும் இந்த வீட்டுச் சுவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆர்க்னியில் மனிதர்களை மறைய வைக்கும் தீவு ஒன்று இருப்பதாக யூடியூபில் பார்த்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், ஓசூர்

ஐன்ஹாலோ. டிங்வாலிலிருந்து ரவுசே போகும்போது இடப்பக்கம் தெரியும். 1990இல் ஒரு நாள் சுற்றுலாவாகப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை என்று கணக்கு வந்து, போலீஸ், கடலோரக் காவல் எல்லாம் தேடின. யாரும் காணாமல் போனதாக எந்த வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை. ஏறும்போது எண்ணியதில் பிசகு, அவ்வளவுதான்.

இதைவிட நல்ல கதை அந்தத் தீவிலேயே இருக்கிறது, யூடியூப்காரர்கள் சொல்ல மாட்டார்கள். 1851இல் அங்கே டைபாய்டு பரவியது. இருந்த சில குடும்பங்களையும் வெளியேற்றி, யாரும் திரும்பிக் குடிவராதபடி வீடுகளின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். பிரித்த பிறகு பார்த்தால், அந்த வீடுகளில் ஒன்றின் சுவரும் வளைவும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தினுடையவை! தலைமுறை தலைமுறையாக அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, குடியிருந்த இடம். தேவாலயம் என்ற நினைவே ஊரில் யாருக்கும் இல்லை. குடியிருந்ததால்தான் அது தப்பியது என்று நான் சொல்வேன். ஆர்ஃபிர் மாதிரி ஆளில்லாமல் கிடந்திருந்தால் கல்லை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

இப்போது அங்கே மனிதர் யாரும் குடியில்லை. ஃபுல்மார் என்ற கடற்பறவைதான் குடியிருக்கிறது. 1950 முதல் அபர்தீன் பல்கலைக்கழகத்தார் அதை ஆராய்ந்து வருகிறார்கள். கூட்டுக்கு அருகில் போனால் நாற்றமெடுத்த எண்ணெயை நம் மேல் துப்பும். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் படகு. எங்களுக்கு வாய்க்கவில்லை, படகிலிருந்து பார்த்ததோடு சரி.

நம் ஊர்ப் புராதனச் சின்னங்களில் 'குமார் லவ்ஸ் கவிதா' என்று கிறுக்குகிறார்கள். வெளிநாட்டில் இந்த அநாகரிகம் உண்டா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

மேஸ்ஹவ் என்ற கல்லறை மேடு எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழையது. குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகும் நாட்களில் அஸ்தமன வெளிச்சம் அதன் நடை வழியாக நுழைந்து பின்சுவரில் விழும். 12ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் மேலே உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, சுவரில் ரூன் என்ற தங்கள் பழைய எழுத்தில் முப்பதுக்குக் குறையாமல் கிறுக்கிவிட்டுப் போனார்கள். ஒரு பெண்ணின் அழகைப் புகழ்ந்து ஒன்று உண்டு. புதையல் இருக்கிறது என்று ஒன்று. ஒரு ஆசாமி மிக உயரத்தில் ஏறி, தன் பெயரைப் போட்டு, 'இதை உயரத்தில் செதுக்கினேன்' என்று செதுக்கியிருக்கிறார். இன்றைக்கு அவற்றைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கிக் குனிந்து போகிறோம். நீங்கள் குமாரை மன்னிக்க வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? தனி விசா வேண்டுமா? செலவு?
– பலர்

பிரிட்டன் விசாவே போதும். ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்திலிருந்து ஸ்ட்ராம்னெஸுக்குக் கப்பலில் 90 நிமிடம். அபர்தீனிலிருந்தும் நேராகக் கப்பல் உண்டு. எடின்பரோ, இன்வர்னெஸிலிருந்து கர்க்வாலுக்குச் சின்ன விமானம் போகிறது. எகில்சே தேவாலயத்துக்கும் மிட்ஹவுக்கும் கட்டணம் இல்லை. கர்க்வாலில் சைவத்துக்குக் கஷ்டம் இல்லை. எகில்சேயில் கடையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், கையில் கட்டிக்கொண்டு போங்கள். 'பேர்' என்ற பழங்காலப் பார்லி வகையின் மாவில் தட்டிய பானக் என்ற கனத்த ரொட்டி அங்கே பிரசித்தம். நாங்கள் அதை வீட்டு எலுமிச்சை ஊறுகாயோடு தேவாலயச் சுவரின் காற்று மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜூனிலும் 15 டிகிரிதான், காற்று நிற்காது. குடை எடுத்துப் போனால் அங்கேயே விட்டுவிட்டு வருவீர்கள். காற்று புகாத மழைக்கோட்டுதான் உதவும்.

எனக்கு 67 வயது, முழங்கால் வலி. மகன் அழைத்துப் போகிறேன் என்கிறான். எதை விடலாம், எதை விடக் கூடாது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

மிட்ஹவை விட்டுவிடுங்கள் அம்மா, அந்த ஏற்றம் உங்களுக்கு வேண்டாம். மேஸ்ஹவ்வில் சுமார் 10 மீட்டர் நீளத்துக்கு முதுகை மடித்துக் குனிந்து போக வேண்டும், அதுவும் வேண்டாம். ஸ்காரா ப்ரே போங்கள். 1850இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது வெளிப்பட்ட 5,000 வருஷத்துக் கிராமம். பாதை சமதளம். கல் கட்டில், கல் அலமாரி, தண்ணீர் போகக் கல் வாய்க்கால் எல்லாவற்றையும் மேலிருந்தே பார்க்கலாம்.

எகில்சேக்குக் காரோடு போனால் தேவாலயத்துக்கு நடை குறைவு. புல்தரை, மெதுவாகப் போகலாம்.

பர்சே என்ற ஊருக்கு எதிரே ப்ராக் ஆஃப் பர்சே என்று ஒரு சின்னத் தீவு. அதிலும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இடிந்து கிடக்கிறது. கூடத்தின் சுவரோரமாகக் கல் பெஞ்சுகூட அப்படியே இருக்கிறது, உங்களுக்கு உட்காரலாம். ஆனால் கடல் வற்றும்போது மட்டுமே நடந்து போக முடியும். நீர் மிகத் தாழும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம். அதற்குள் திரும்பாவிட்டால் அடுத்த வற்று வரைக்கும் தீவிலேயே இருக்க வேண்டியதுதான். பாதையில் பாசி வழுக்கும். உங்கள் நடைக்குப் போக அரை மணி, வர அரை மணி என்று வையுங்கள். நீர் வற்றிப் பாதை முழுவதும் தெரிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுங்கள், கைத்தடி அவசியம். அன்றைய நேரத்தை முந்தின நாளே மகனைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.